மூச்சடக்க முடியாதவர்களுக்குக் கல்லீரல் எம்ஆர்ஐ: வீட்டிலிருந்து ஸ்கேன் அறை வரை

பர்மாவின் பெகு நகரத்திலிருந்து வந்த ஓர் அம்மாவை எம்ஆர்ஐ மெஷினுக்குள் படுக்க வைத்துவிட்டு, மைக்கில் ‘அத்தெ அவுங் தா’ என்றேன். மூச்சை அடக்கி வையுங்கள் என்று அர்த்தம். பர்மிய மொழியில் மூச்சு, உயிர், வயது மூன்றுக்கும் ‘அத்தெ’தான். மெஷின் இரைச்சலில் அந்த முதல் சொல் மட்டும்தான் அவர் காதில் விழுந்திருக்கிறது. வயதைக் கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு, ‘எழுபத்திரண்டு!’ என்று உள்ளேயிருந்து சத்தமாகப் பதில் சொன்னார். அந்தப் படம் போச்சு.

சிரித்துவிட்டு மறக்க முடியவில்லை. அதற்கு முன்பு வேறோர் இடத்தில் எடுத்த ஸ்கேன் ரிப்போர்ட்டையும் அவர் கையில் கொண்டுவந்திருந்தார். ‘நோயாளி ஒத்துழைக்கவில்லை, படங்கள் தெளிவாக இல்லை’ என்று அதில் இருந்தது. ரங்கூனில் எம்ஆர்ஐ அறையில் பல வருஷமாக நிற்கிறேன். ‘ஒத்துழைக்கவில்லை’ என்ற சொல்லைப் படிக்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். 20 விநாடி மூச்சை நிறுத்த முடியாதவரிடம் 20 விநாடி கேட்டால் அது யார் தவறு? அவரிடம் எத்தனை விநாடி இருக்கிறது என்று பார்த்து, அதற்கு ஏற்றபடி ஸ்கேனை அமைக்க வழி இருக்கிறது. நோயாளியை அழைத்து வரும் வீட்டாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். எம்ஆர்ஐ வேலைக்குப் புதிதாக வந்த நம் பிள்ளைகளும் படிக்கலாம்.

மூச்சை ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள்

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவில் மூச்சோடு ஏறி இறங்கும் தசைதான் உதரவிதானம். கல்லீரல் அதற்குக் கீழே ஒட்டிக்கொண்டு இருக்கிறது. சாதாரணமாக மூச்சு விடும்போதே அது ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மேலும் கீழும் போய்வரும். ஆழமாக இழுத்தால் இன்னும் அதிகம். எம்ஆர்ஐ என்பது போட்டோ மாதிரி ஒரே கிளிக்கில் முடிகிற வேலை இல்லை. 15 முதல் 20 விநாடி வரை சிக்னலைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, கடைசியில்தான் மொத்தப் படத்தையும் கட்டுகிறது. நடுவில் ஒரு தடவை மூச்சு இழுத்தாலும் அந்த அசைவு படம் முழுக்கப் பரவிவிடும். கல்லீரலின் மேல் வரிவரியாகப் பேய் நிழல் விழும். 1 சென்டிமீட்டர் கட்டி அதற்குள் ஒளிந்துகொள்ளும்.

எல்லாப் படத்துக்கும் ஒரே அளவு மூச்சு தேவையில்லை என்பதை நன்றாக நினைவில் வையுங்கள். பல படங்களைத் திரும்ப எடுக்கலாம், சிலவற்றை மூச்சு விட்டுக்கொண்டே எடுக்கலாம். திரும்ப எடுக்கவே முடியாத படம் ஒன்றே ஒன்றுதான். படத்தில் ரத்த ஓட்டத்தைப் பளிச்சென்று காட்டும் கான்ட்ராஸ்ட் மருந்தை ஊசியாகப் போட்டவுடன், ரத்தக்குழாயில் அது முதல் சுற்று வரும் நேரத்தில் எடுக்கும் படம். அதை ஆர்ட்டீரியல் பேஸ் என்பார்கள்.

நல்ல கல்லீரலுக்கு ரத்தம் பெரும்பாலும், ஏறக்குறைய முக்கால் பங்கு, குடலிலிருந்து வரும் போர்ட்டல் சிரை வழியாக வருகிறது. கல்லீரல் புற்றுக்கட்டியோ பெரும்பாலும் தமனி ரத்தத்தைக் குடித்து வளர்கிறது. அதனால் மருந்து தமனியில் ஓடும் அந்தச் சில விநாடிகளில் கட்டி மட்டும் பளிச்சென்று தெரியும். ஒரு நிமிஷம் கழித்துச் சுற்றியிருக்கும் கல்லீரலும் வெளுத்துவிடும். அதற்குப் பிறகு கட்டி மங்கிப் போவதும் ஓர் அடையாளம்தான், ஆனால் முதல் பளிச்சைத் தவறவிட்டால் பாதிக் கதை போய்விடும். நோயாளியிடம் இருக்கிற மூச்சு சேமிப்புப் பணம் மாதிரி. அதை இந்தப் படத்துக்கென்று எடுத்து வைக்க வேண்டும்.

முதல் படி: எதற்காக ஸ்கேன் என்று கேளுங்கள்

டாக்டர் எழுதிக் கொடுத்தவுடன் ஓடி வராமல், ‘எதைப் பார்க்க இந்த ஸ்கேன்?’ என்று கேளுங்கள். கொழுப்போ இரும்புச்சத்தோ எவ்வளவு இருக்கிறது என்று அளக்க மட்டும் என்றால், ஓரிரண்டு சின்ன மூச்சடக்கலில் வேலை முடியும். பித்தக்குழாயில் கல் பார்க்க என்றால், ஒவ்வொன்றும் சில விநாடிகளில் எடுக்கும் படங்கள் உண்டு. மூச்சின் தாளத்தைப் பின்தொடர்ந்து எடுக்கும் முறையும் உண்டு. கட்டி சந்தேகம் என்றால்தான் மேலே சொன்ன ஆர்ட்டீரியல் படம் உயிர்நாடி.

நம் ஊரில் இந்த மூன்றாவது காரணத்துக்காக வருகிறவர்கள்தான் நிறைய. 2015இல் பர்மா முழுக்க நடந்த ஆய்வில் 100 பேரில் 6 பேருக்கு மேல் கல்லீரலைத் தாக்கும் ஹெப்பட்டைட்டிஸ் பி கிருமி இருந்தது. ஹெப்பட்டைட்டிஸ் பி, சி கிருமிகள் இரண்டும் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் கல்லீரலைச் சுருக்கி, கட்டிக்கு இடம் கொடுக்கின்றன. சுருங்கிய கல்லீரல் உள்ளவர்களுக்கு 6 மாதத்துக்கு ஒருமுறை அல்ட்ராசவுண்ட் பார்ப்பது வழக்கம். அதில் எதாவது புதிதாகத் தெரிந்தால்தான் அடுத்த ஸ்கேன்.

அப்போது ‘சிடி போதுமா?’ என்றும் கேட்டு விடுங்கள். மூன்று கட்டமாக எடுக்கும் சிடி ஸ்கேனில் ஒவ்வொரு கட்டத்துக்கும் சில விநாடி மூச்சு இருந்தால் போதும். கதிர்வீச்சு உண்டு, சிறுநீரகத்தைப் பார்த்துத்தான் மருந்து போட வேண்டும், சின்னக் கட்டிகளில் எம்ஆர்ஐ அளவுக்குப் பேசாது. ஆனாலும் மோசமான எம்ஆர்ஐயைவிட நல்ல சிடி எவ்வளவோ மேல். இது என் கருத்து மட்டுமல்ல, மூச்சுத் திணறும் நோயாளியைப் பார்த்த எந்த ரேடியாலஜிஸ்டும் (ஸ்கேன் படங்களைப் படிக்கும் டாக்டர்) இதைத்தான் சொல்வார்.

இரண்டாம் படி: மூச்சு ஏன் நிற்கவில்லை என்று பாருங்கள்

வயிற்றில் நீர் கட்டியிருந்தால் அது உதரவிதானத்தை மேலே தள்ளும், மல்லாந்து படுத்தாலே மூச்சு முட்டும். இப்படிப்பட்டவர்களுக்கு ஸ்கேனுக்கு முன்பே நீரை எடுத்துவிடலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். எடுத்த பிறகு 6 விநாடி 14 விநாடியாக மாறியதை நானே பார்த்திருக்கிறேன். நிறைய நீர் இருக்கும்போது 3 டெஸ்லா (டெஸ்லா என்பது காந்தத்தின் பலத்தைச் சொல்லும் அளவு) மெஷினில் படத்தின் நடுவில் கருப்பாகத் திட்டு விழும். இரண்டு வகை மெஷினும் கிடைக்கும் ஊரில் இருந்தால் 1.5 டெஸ்லாவையே கேளுங்கள். பெரிய நம்பர் எப்போதும் நல்ல மெஷின் என்று நினைக்க வேண்டாம்.

நுரையீரலைச் சுற்றி நீர், ரத்தசோகை, இதயக் கோளாறு, ஆஸ்துமா எல்லாம் டாக்டர் கவனிக்க வேண்டியவை. இன்ஹேலர் எழுதிக் கொடுத்திருந்தால் கையோடு கொண்டு வந்து, உள்ளே போகும் முன் அடித்துக்கொள்ளுங்கள். அப்புறம் சுருட்டு. ‘செருட்’ என்று வெள்ளைக்காரன் எழுதியதே நம் ‘சுருட்டு’தான். அந்தச் சொல்லைக் கொடுத்த பெருமைக்கு நம் பெரியவர்கள் நெஞ்சை விலையாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்கேனுக்காக ஒரு வாரம் நிறுத்தினாலும் இருமல் கொஞ்சம் அடங்கும். சளி பிடித்திருந்தால் தேதியைத் தள்ளிப் போடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

மூன்றாம் படி: தேதி வாங்கும்போதே சொல்லிவிடுங்கள்

‘இவருக்கு மூச்சு 8 விநாடிக்கு மேல் நிற்காது’ என்று போனிலேயே சொல்லுங்கள். அப்படிச் சொன்னால் கூடுதல் நேரம் ஒதுக்குவார்கள். மூச்சு விட்டுக்கொண்டே எடுக்கும் முறைகள் மெஷினில் இருக்கின்றனவா, ஆக்சிஜன் வைக்க வசதி உண்டா, கூட ஒருவர் உள்ளே நிற்க விடுவார்களா என்று கேளுங்கள். ஜெனரேட்டரைப் பற்றியும் கேளுங்கள். கரண்ட் போகும் ஊரில் இது சின்னக் கேள்வி இல்லை. மருந்து ஏற்றிய நிமிஷத்தில் கரண்ட் போனால் மருந்தும் பணமும் வீண். பயப்பட ஒன்றும் இல்லை, படுக்கையைக் கையாலேயே வெளியே இழுக்க முடியும். காந்தம் மட்டும் கரண்ட் இல்லாவிட்டாலும் உயிரோடுதான் இருக்கும். அதனால் இருட்டில் டார்ச்சும் போனுமாக யாரும் உள்ளே ஓடக் கூடாது.

சிறுநீரகப் பரிசோதனைச் சீட்டையும் தயாராக வையுங்கள். சிறுநீரகம் மிகவும் கெட்டிருந்தால் எந்த மருந்து போடுவது என்பதே மாறும்.

நான்காம் படி: வீட்டில் ஒத்திகை

இதற்குச் செலவே இல்லை, ஆனால் பலரும் செய்யாமல் வருகிறார்கள். ஸ்கேனுக்கு ஒரு வாரம் இருக்கும்போதே தொடங்குங்கள்.

தரையிலோ கட்டிலிலோ மல்லாந்து படுக்கச் சொல்லுங்கள். ஒரே ஒரு மெல்லிய தலையணை போதும், முழங்காலுக்கு அடியில் இன்னொன்று. வயிற்றின் மேல் துண்டை மடித்து, கொஞ்சம் பாரமாக இருக்கும்படி வையுங்கள். மெஷினில் அந்த இடத்தில் காயில் என்ற தட்டையான கவசம் வரும், அந்தப் பாரம் பழக வேண்டும்.

பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து கடிகாரத்தைப் பார்க்கட்டும். ‘மூச்சு இழுங்க... விடுங்க... இழுங்க... விடுங்க... அப்படியே நிறுத்துங்க’. வெளியே விட்ட இடத்தில்தான் நிறுத்தச் சொல்கிறேன், கவனியுங்கள். நெஞ்சு நிறைய இழுத்து அடக்கினால் அதிக நேரம் நிற்கும் என்பது உண்மை. ஆனால் ஒவ்வொரு தடவையும் இழுக்கும் அளவு மாறும், கல்லீரல் ஒருமுறை இங்கே, மறுமுறை அங்கே என்று நிற்கும். சாதாரணமாக மூச்சு விட்டு முடித்த இடம் ஏறக்குறைய ஒரே இடம். படத்துக்குப் படம் ஒப்பிட வேண்டிய வேலைக்கு அதுதான் நல்லது. வெளியே விட்டு நிறுத்தினால் 5 விநாடிகூட வரவில்லை என்றால் பாதி மூச்சு இழுத்து நிறுத்தட்டும். எதைப் பழகினாலும் ஸ்கேன் முழுக்க அதே முறைதான், நடுவில் மாற்றக் கூடாது.

பிராணாயாமம் செய்கிறவர்கள் எங்களிடம் 40 விநாடி நிறுத்திக் காட்டிப் பெருமைப்படுவார்கள். மரியாதையோடு சொல்கிறேன், எங்களுக்கு அவ்வளவு வேண்டாம். வயிறு அசையாத 10 விநாடி, அதே இடத்தில், பத்துப் பன்னிரண்டு தடவை, அது போதும். மூச்சு விடாமல் இருந்தும் தொண்டையை இறுக்கி, தோளைத் தூக்கி, வயிறு துடிக்க நிற்பவர்கள் உண்டு. அது அடக்கிய கணக்கில் வராது. துண்டின் மேல் கண் வையுங்கள், துண்டு அசைந்த விநாடியோடு எண்ணிக்கை முடிந்தது.

ஐந்து தடவை செய்து, ஐந்தாவது தடவை எத்தனை விநாடி வந்தது என்று எழுதுங்கள். முதல் தடவைக் கணக்கு ஏமாற்றும், களைத்த பிறகு வரும் கணக்குதான் நிஜம். அந்தத் தாளைக் கொண்டுவந்து டெக்னீசியன் கையில் கொடுங்கள்.

எந்த மொழியில் சொன்னால் அவருக்கு உடனே புரிகிறது என்பதையும் பாருங்கள். நம் பெரியவர்கள் பர்மிய மொழி நன்றாகப் பேசுவார்கள்தான். ஆனால் பயத்தில், இரைச்சலில், காது மந்தத்தில் தாய்மொழிதான் முதலில் உள்ளே போகிறது. சில மெஷின்கள் தானாக ஆங்கிலத்தில் கட்டளை போடும், அது இன்னும் மோசம். உங்கள் வீட்டு மொழியில் சொல்லும் வார்த்தைகளை எழுதிக் கொடுங்கள். காது கேட்கவே கேட்காது என்றால் கையையோ காலையோ தொட்டுச் சொல்லும் சைகை: ஒருமுறை அழுத்தினால் நிறுத்து, பிடியை விட்டால் மூச்சு விடு. பெகு அம்மாவுக்கு இரண்டாவது முறை அதைத்தான் செய்தோம், அவர் மருமகள் உள்ளே நின்று காலைப் பிடித்துக்கொண்டார்.

ஐந்தாம் படி: அன்று காலை

நான்கைந்து மணி நேரம் சாப்பிடாமல் வர வேண்டும், உங்கள் இடத்தில் எவ்வளவு சொல்கிறார்களோ அவ்வளவு. மொஹிங்கா கொஞ்சூண்டு, தேத்தண்ணீர் ஒரு வாய் என்பதெல்லாம் சாப்பாடுதான். வெற்றிலையைச் சாப்பாட்டுக் கணக்கில் நம் ஆட்கள் சேர்ப்பதே இல்லை. வாயில் கூன்யாவோடு (வெற்றிலைச் சுருள்) படுத்தால் எச்சில் ஊறும், விழுங்க வரும், இருமல் வரும், படம் போகும். மாத்திரைகளை டாக்டர் சொன்னபடி கொஞ்சம் தண்ணீரோடு போட்டுக்கொள்ளுங்கள்.

உலோகம் எல்லாம் கழற்ற வேண்டும்: மூக்குத்தி, மெட்டி, தாயத்து, அரைஞாண். தாலியில்தான் அறை வாசலில் தகராறு வரும். அதற்கு நம் வீட்டிலேயே வழி இருக்கிறது. முந்தின நாளே மஞ்சள் கயிற்றில் ஒரு மஞ்சள் கிழங்கைக் கட்டி மாற்றிக்கொண்டு வந்தால் யாருக்கும் மனக்கஷ்டம் இல்லை. தனகா பூசியிருந்தால் பரவாயில்லை, அது மரப்பட்டைச் சாந்துதான். பேஸ்மேக்கர், தலைக்குள் கிளிப், கண்ணில் எப்போதாவது பட்ட இரும்புத்தூள், தொடையில் பழைய பச்சை குத்தல் எதையும் மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

மயக்கம் கொடுத்துப் படுக்க வைக்கலாமே என்று பலர் கேட்கிறார்கள். அரைத் தூக்கத்தில் இருப்பவரிடம் மூச்சை நிறுத்தச் சொன்னால் நிறுத்த மாட்டார். பயத்துக்கு லேசாக ஒரு மாத்திரை வேறு விஷயம், டாக்டர் கொடுத்தால் சரி. கல்லீரல் கெட்டவர்களுக்குத் தூக்க மருந்து ஆபத்தாகவும் முடியலாம். முழு மயக்கம் கொடுத்து வென்டிலேட்டரை நிறுத்தி நிறுத்தி எடுப்பதும் உண்டு, ஆனால் அது கடைசி வழி.

ஆறாம் படி: படுக்கையில்

மூக்கில் ஆக்சிஜன் குழாய் வைத்தால் பலருக்கு சில விநாடிகள் கூடும். நிமிஷத்துக்கு 2 லிட்டர் அளவில் வைப்பது வழக்கம். நாள்பட்ட நுரையீரல் நோய் இருந்தால் டாக்டரைக் கேட்காமல் வைக்கக் கூடாது. நிறுத்துவதற்கு முன் இரண்டு மூன்று நல்ல மூச்சு இழுத்து விடுவதும் உதவும். வேகவேகமாக இழுத்தால் தலை சுற்றும், நிதானமாகச் செய்யுங்கள்.

ஊசி போடுவதற்கு முன், மருந்து இல்லாமல் அதே படத்தை ஒருமுறை எடுத்துப் பார்ப்போம். இது ஒத்திகையும்தான், ஒப்பிட வேண்டிய முதல் படமும்தான். இது கலங்கினால் ஊசியைத் தொடக் கூடாது. இதில் நான் பிடிவாதக்காரன். நேரம் ஆகிறது, வெளியில் ஆள் காத்திருக்கிறார் என்று அவசரப்பட்டு ஊசியைப் போட்டால் போனது போனதுதான்.

ஏழாம் படி: டெக்னீசியன் தம்பிகளுக்கு

வீட்டார் இதை மேலோட்டமாகப் படித்தால் போதும்.

படங்களின் வரிசையை மாற்றுங்கள். வழக்கமாக எல்லா மூச்சடக்கல் படத்தையும் முதலில் எடுத்து, களைத்த நோயாளிக்குக் கடைசியில் ஊசி போடுகிறோம். தலைகீழாகச் செய்யுங்கள். இடத்தைப் பார்க்கும் படம், ஊசிக்கு முந்தைய படம், உடனே ஊசி. திசுவில் நீரின் அசைவைக் காட்டும் டிப்யூஷன் படத்தையும் நீரைப் பளிச்சென்று காட்டும் டி2 படத்தையும் ஊசிக்குப் பிறகு எடுத்தாலும் பெரிய நஷ்டம் இல்லை. பிரிமோவிஸ்ட் என்ற கான்ட்ராஸ்ட் மருந்தைப் போட்டால், கல்லீரல் செல்கள் மருந்தை இழுத்துக்கொள்ளும் கடைசிப் படத்துக்கு எப்படியும் 20 நிமிஷம் காத்திருக்க வேண்டும், அந்த இடைவெளியில் இவை அடங்கிவிடும். பித்தக்குழாய்ப் படம் வேண்டுமென்றால் மட்டும் மருந்து பித்தத்தில் இறங்கும் முன்பே முடித்துவிடுங்கள்.

டி2 படத்துக்கு மூச்சே கேட்காதீர்கள். ஒவ்வொரு வெட்டும் ஒரு விநாடிக்குள் முடியும் ஒற்றைச் சுட்டு முறை இருக்கிறது. அல்லது வயிற்றில் மூச்சின் தாளத்தை உணரும் பெல்லோஸ் கட்டியோ, உதரவிதானத்தின் மேல் அதன் அசைவைப் பின்தொடரும் நேவிகேட்டர் வைத்தோ, மூச்சு வெளியே போன நேரம் மட்டும் எடுக்கலாம். தாளம் ஒழுங்காக இருந்தால் அருமை. ஒழுங்கற்ற மூச்சுக்காரரிடம் அது மணிக்கணக்கில் இழுக்கும், அப்போது ஒற்றைச் சுட்டுக்கே போங்கள்.

ஊசியைச் சுற்றிக் கட்டம் கட்டமாக எடுக்கும் டைனமிக் படத்தைத்தான் சுருக்க வேண்டும். குறைந்த சிக்னலிலிருந்தே படம் கட்டும் பேரலல் இமேஜிங்கைக் கூட்டுங்கள், அதே மாதிரி வேகப்படுத்தும் கம்ப்ரஸ்டு சென்சிங் இருந்தால் போடுங்கள், வெட்டுகளைக் கொஞ்சம் தடிமனாக்குங்கள், நுணுக்கத்தைச் சற்றுக் குறையுங்கள். 18 விநாடிப் படம் 9க்கு வரும். கொஞ்சம் சொரசொரப்பான, அசையாத படம்தான் ரேடியாலஜிஸ்டுக்கு வேண்டும். 9ம் முடியாது என்றால் ரேடியல் முறை. சிக்னலைக் கோடு கோடாக இல்லாமல் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி எடுப்பதால் அசைவு பேய் நிழலாகத் தெரியாமல் லேசான மங்கலாகத்தான் தெரியும். சாதாரணமாக மூச்சு விட்டுக்கொண்டே படுத்திருக்கலாம். பழைய ரேடியல் முறைகள் எடுக்க நேரம் ஆவதால் ஆர்ட்டீரியல் விநாடியைச் சரியாகப் பிடிக்காது, பிந்தைய கட்டங்களுக்கு நன்றாக வரும். தொடர்ந்து எடுத்து, பிறகு நேரவாரியாகப் பிரிக்கும் புது மெஷின் இருந்தால் ஆர்ட்டீரியலையும் அதிலேயே முடிக்கலாம்.

பிரிமோவிஸ்டில் ஒரு சங்கடம். ஊசி போட்டதும், சரியாக ஆர்ட்டீரியல் நேரத்தில், சிலருக்குச் சில விநாடி மூச்சு தடுமாறும். ஆபத்து இல்லை, தானாகப் போய்விடும். ஆனால் போவதற்குள் நம் படமும் போய்விடும். ஏற்கெனவே மூச்சு சரியில்லாதவருக்கு சாதாரண கடோலினியம் மருந்தே போதுமா என்று ரேடியாலஜிஸ்டைக் கேளுங்கள். பிரிமோவிஸ்ட்தான் என்றால் விநாடிக்கு 1 மில்லிக்கு மேல் தள்ளாதீர்கள். ‘இப்போ கொஞ்சம் மூச்சு முட்டுற மாதிரி இருக்கும், உடனே சரியாயிடும், பயப்படாதீங்கம்மா’ என்று முன்கூட்டியே சொல்லுங்கள். எதிர்பார்த்து இருப்பவர் திடுக்கிட்டு மூச்சு இழுக்க மாட்டார். மருந்து மகாதமனிக்கு வருவதைத் திரையில் பார்த்து அதிலிருந்து கணக்கு வையுங்கள். இதயம் பலவீனமானவர்களுக்கு மருந்து தாமதமாகத்தான் வரும்.

முடிந்த பிறகு

படங்களை முழுதாக சிடி தட்டில் (டிஸ்க்) கேட்டு வாங்குங்கள். சென்னைக்கோ பாங்காக்குக்கோ போய் இன்னொரு டாக்டரிடம் காட்ட நேர்ந்தால் பிலிம் ஒன்றிரண்டு உதவாது. ரிப்போர்ட்டில் ஆர்ட்டீரியல் படம் தெளிவில்லை என்று இருந்தால் ‘கட்டி இல்லை’ என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எந்தப் படம் கெட்டது, சிடி ஸ்கேனோ மருந்து போட்ட அல்ட்ராசவுண்டோ பார்த்து அந்த ஓட்டையை அடைக்கலாமா என்று டாக்டரைக் கேளுங்கள்.

அப்புறம் டெக்னீசியனிடம் ஒரு சீட்டு எழுதி வாங்குங்கள்: எந்த முறையில் மூச்சை நிறுத்தினார், எத்தனை விநாடி, ஆக்சிஜன் வைத்தோமா, எந்த மொழி. அடுத்த ஸ்கேன் எந்த ஊரில் என்றாலும் அது உதவும். பெகு அம்மாவின் சீட்டில் நான் எழுதியது இவ்வளவுதான்: ‘வெளியே விட்டு நிறுத்தணும். 8 விநாடி. தமிழ். காலைப் பிடித்துச் சொல்லவும். அத்தெ என்று சொல்ல வேண்டாம்.’